வாளைப் பிடிக்காத வானதூதர்

(புனித அருளானந்தர் திருவிழாவை ஒட்டி வானொலியில் வழங்கிய மறையுரையின் எழுத்து வடிவம்)



சில வாரங்களுக்கு முன் ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்குள் எட்டிப் பார்த்தேன். ஆசிரியை தானியேல் கதையை முடித்திருந்தார். சிங்கக் குகை, இரவு முழுவதும் தூங்காத அரசன், சிங்கங்களின் வாயைக் கட்டிய வானதூதர் எல்லாம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அடுத்த வாரம் ஓரியூர் அருளானந்தர் திருவிழா வருகிறது என்று நானும் இரண்டு வார்த்தை சொன்னேன். அவர் தலை வெட்டப்பட்டதையும் சொன்னேன். பின்வரிசையில் இருந்த ஒரு சிறுவன் எழுந்தான். “ஃபாதர், தானியேலுக்காக சிங்கத்தோட வாயைக் கட்டின சம்மனசு, அருளானந்தர் கழுத்துல விழுந்த வாளை ஏன் ஃபாதர் பிடிக்கல?” என்று கேட்டான்.

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. குருமடத்தில் நான்கு ஆண்டுகள் இறையியல் படித்தவன் நான். அந்தக் கேள்விக்கு அன்று நான் சொன்ன பதில் எனக்கே பிடிக்கவில்லை. “கடவுளின் திருவுளம்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அந்தச் சிறுவனுக்குத் தர வேண்டிய கடனை இன்று உங்கள் முன்னிலையில் செலுத்தப் பார்க்கிறேன்.

முதலில் தானியேல் நூலுக்கே திரும்புவோம். அந்த நூலில் இரண்டு விதமான பக்கங்கள் இருக்கின்றன. 3-ஆம் அதிகாரத்தில் மூன்று இளைஞர்கள் தீச்சூளையில் போடப்படுகிறார்கள். முடிகூடக் கருகாமல் வெளியே வருகிறார்கள். 6-ஆம் அதிகாரத்தில் தானியேல் சிங்கக் குகையிலிருந்து கீறல் இல்லாமல் மீள்கிறார். இவை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் பக்கங்கள். ஆனால் 11-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை நாம் சொல்வதே இல்லை. அங்கே ஓர் இறைவாக்கு வருகிறது. மக்களுள் ஞானமுள்ளோர் பலருக்கு அறிவு புகட்டுவார்கள். ஆனாலும் சில காலம் அவர்கள் வாளாலும் நெருப்பாலும் சிறையாலும் கொள்ளையாலும் வீழ்வார்கள் என்கிறது அது. அவர்கள் வீழும்போது சிறிதளவு உதவிதான் கிடைக்கும் என்கிறது. பலர் உண்மையில்லாத உள்ளத்தோடு வந்து அவர்களோடு சேர்ந்துகொள்வார்கள் என்றும் எச்சரிக்கிறது. ஒரே நூல்தான். 3-ஆம் அதிகாரத்தில் சுடாத நெருப்பு 11-ஆம் அதிகாரத்தில் சுடுகிறது. 

இது ஏன் என்று புரிய, அந்த நூல் இறுதி வடிவம் பெற்ற காலத்தைப் பார்க்க வேண்டும். கதை பாபிலோனில் நடப்பதாக இருந்தாலும், ஏறக்குறைய கி.மு. 165-ஆம் ஆண்டளவில் நூல் இன்றைய வடிவத்தை அடைந்தது என்று விவிலிய அறிஞர் பலர் கருதுகின்றனர். அப்போது சிரியாவை ஆண்ட அந்தியோக்கு எப்பிபான் என்ற மன்னன், யூதர்கள் தங்கள் மறையைக் கைக்கொள்ளக் கூடாது என்று ஆணையிட்டிருந்தான். கி.மு. 167-இல் எருசலேம் கோவிலின் பலிபீடத்தின் மேலேயே வேற்றுப் பலிபீடம் எழுப்பப்பட்டது. திருச்சட்ட நூல்களைக் கண்ட இடத்தில் கிழித்து எரித்தார்கள். ஒருவர் வீட்டில் அந்த ஏட்டுச் சுருள் இருந்தால் அவருக்குச் சாவுதான். மக்கபேயர் முதல் நூலின் முதல் அதிகாரம் இதையெல்லாம் பதிவு செய்திருக்கிறது.

இப்போது யோசித்துப் பாருங்கள். நூலைத் தடை செய்கிற அரசன் யாரை முதலில் தேடுவான்? நூலை எரித்துவிடலாம். ஆனால் நூலை நெஞ்சில் சுமந்து, அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக் கொடுக்கிறவன் உயிரோடு இருக்கும்வரை அந்த எரிப்பு வீண். அதனால் ஆசிரியரைத்தான் தேடுவான். தானியேலின் இறைவாக்கில் வீழ்கிறவர்கள் படைவீரர்கள் அல்லர், அரசர்கள் அல்லர். போதிக்கிறவர்கள்.

அவர்களைக் குறிக்க எபிரேயத்தில் ‘மஸ்கிலிம்’ என்ற சொல் வருகிறது. ஞானம் உடையோர், ஞானம் தருவோர் என்று இரு பொருளும் அதில் உண்டு. இந்தச் சொல்லின் வேர் வேறோர் இடத்திலும் வருகிறது. எசாயா 52-ஆம் அதிகாரத்தின் கடைசியில் துன்புறும் ஊழியரைப் பற்றிய பாடல் தொடங்கும்போது, ஆண்டவருடைய ஊழியர் ஞானத்தோடு செயல்படுவார் என்று அதே வேர்ச்சொல்லைத்தான் இறைவாக்கினர் பயன்படுத்துகிறார். அந்த ஊழியர் பலரை நேர்மையாளர் ஆக்குவார் என்று எசாயா 53 சொல்கிறது. தானியேல் 12-ஆம் அதிகாரமோ, பலரை நேர்மைக்குத் திருப்பியோர் விண்மீன்களைப் போல ஒளிர்வர் என்கிறது. தற்செயலான ஒற்றுமை அல்ல இது. தம் கண்முன்னே அடிபட்டு வீழ்ந்த ஆசிரியர்களைப் பார்த்த தானியேல் நூலாசிரியர், எசாயாவின் ஏட்டை எடுத்துப் படித்திருக்கிறார். ‘இவர்கள்தான் அந்த ஊழியர், இவர்கள் வீழ்ச்சி வீணல்ல’ என்று கண்டுகொண்டிருக்கிறார். துன்புறும் ஊழியரின் பாடலை நாம் பெரிய வெள்ளியன்று இயேசுவின் பாடுகளோடு சேர்த்து வாசிக்கிறோம். அதற்கு முன்பே, கொல்லப்பட்ட மறைக்கல்வி ஆசிரியர்களின் மேல் அந்தப் பாடலின் நிழல் விழுந்துவிட்டது.

அப்படி வீழ்ந்த ஆசிரியர் ஒருவரின் பெயரும் வயதும்கூட நமக்குத் தெரியும். மக்கபேயர் இரண்டாம் நூலின் 6-ஆம் அதிகாரத்தில் வரும் எலயாசர். மறைநூல் அறிஞர், வயது 90. விலக்கப்பட்ட பன்றி இறைச்சியை அவர் வாயைத் திறந்து திணித்தார்கள், துப்பிவிட்டார். அப்போது அவருடைய பழைய நண்பர்கள் அவரைத் தனியே அழைத்துப் போனார்கள். கெட்டவர்கள் அல்லர், அவர்மேல் உண்மையிலேயே அன்பு வைத்தவர்கள். “நீங்கள் சாப்பிடக்கூடிய இறைச்சியை நீங்களே கொண்டுவாருங்கள். அதைச் சாப்பிட்டுவிட்டு, மன்னன் சொன்னதைச் சாப்பிட்டதுபோலக் காட்டிக்கொள்ளுங்கள், உயிர் பிழைக்கலாம்” என்பது அவர்களுடைய யோசனை.

எலயாசர் மறுத்துவிட்டார். அதற்கு அவர் தரும் காரணத்தைக் கவனியுங்கள். இது பாவம் என்பதோடு அவர் நிறுத்தவில்லை. இளைஞர்களை நினைத்துப் பார்க்கிறார். 90 வயதில் எலயாசரே மாறிவிட்டார் என்று அவர்கள் நம்பிவிடுவார்களே, கொஞ்ச நாள் வாழ்வுக்காக நான் அவர்களை வழிதவறச் செய்வதா என்று கேட்கிறார். ஆசிரியரின் மனம் அது. சாவின் வாசலிலும் அவர் கண் மாணவர் மேல்தான் இருக்கிறது. இந்த நண்பர்களின் யோசனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அதற்குத் திரும்பி வருவேன்.

இன்னும் 400 ஆண்டுகள் பின்னால் போவோம். எரேமியா நூலின் 26-ஆம் அதிகாரம். யோயாக்கிம் மன்னன் ஆட்சியின் தொடக்கம். எரேமியா கோவில் முற்றத்தில் நின்று, நீங்கள் திருந்தாவிட்டால் இந்தக் கோவில் பாழாகும் என்கிறார். குருக்களும் இறைவாக்கினரும் அவரைப் பிடித்துக்கொண்டு, சாகத்தான் வேண்டும் என்று கூச்சலிடுகிறார்கள். கோவிலுக்கு உள்ளே இருந்த நம்மைப் போன்ற குருக்கள்தான் முதலில் கூச்சலிட்டார்கள் என்பதை நான் வெட்கத்தோடு குறித்துக்கொள்கிறேன். ஆனால் சாப்பானின் மகன் அகிக்காம் குறுக்கே நிற்கிறார், எரேமியா பிழைக்கிறார். அதே அதிகாரத்தில், நான்கே வசனங்களில் இன்னொருவர் கதை வருகிறது. செமாயாவின் மகன் உரியா. எரேமியா சொன்னதையேதான் அவரும் சொன்னார். பயந்து எகிப்துக்கு ஓடினார். அரசன் ஆள் அனுப்பி இழுத்துவந்து வாளால் வெட்டினான். பொதுமக்களின் கல்லறையில் உடலை எறிந்தார்கள்.

ஒரே போதனை, இரண்டு முடிவுகள். எரேமியா புண்ணியவான், உரியா பாவி என்று விவிலியம் சொல்லவில்லை. எரேமியாவின் பக்கத்தில் ஓர் அகிக்காம் இருந்தார் என்பதை மட்டும் சொல்கிறது.

பிற்பாடு அதே எரேமியாவைச் சேறு நிறைந்த பாழ்கிணற்றில் இறக்கிவிட்டார்கள். அவர் சேற்றில் அமிழ்ந்துகொண்டிருந்தார். வானதூதர் எவரும் வரவில்லை. அரண்மனை வேலைக்காரர் ஒருவர் வந்தார். எத்தியோப்பியர், அயல்நாட்டவர். எபேது மெலேக்கு என்பது அவர் பெயர். அரசனிடம் நேரே போய்ப் பேசி அனுமதி வாங்கி, கயிற்றை எடுத்தார். கயிற்றோடு கிழிந்த பழந்துணிகளையும் எடுத்தார். “கயிறு அக்குளில் அறுக்கும், இந்தத் துணியை வைத்துக்கொள்ளும்” என்கிற பொருளில் அவர் சொன்னதை விவிலியம் விடாமல் எழுதி வைத்திருக்கிறது. எத்தனையோ அரசர்களின் பேச்சை மறந்துவிட்ட வரலாறு இந்தப் பழந்துணியை மறக்கவில்லை. தானியேல் சொன்ன ‘சிறிதளவு உதவி’ என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கயிறும் கந்தல் துணியும்தான் நினைவுக்கு வரும்.

இனி நம் மண்ணுக்கு வருவோம்.

யோவான் தெ பிரித்தோ 1647 மார்ச் 1 அன்று லிஸ்பனில் பிறந்தவர். போர்த்துக்கல் இளவரசன் பேதுருவின் விளையாட்டுத் தோழராக அரண்மனையில் வளர்ந்தவர். 1662-இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1673-இல் குருவானதும் கோவாவுக்குக் கப்பலேறினார். 1674-இல் மதுரை மறைப்பணித் தளத்திற்கு வந்தார். காவி உடுத்தி, புலால் நீக்கி, பண்டார சாமியாக ஊர் ஊராக நடந்தார். செஞ்சிப் பகுதியில்தான் அவருடைய தொடக்க காலப் பணி. நம் போளூரிலிருந்து செஞ்சிக் கோட்டை எவ்வளவு தூரம் என்பது உங்களுக்கே தெரியும். ஓரியூர் எங்கோ இராமநாதபுரம் பக்கம் என்று நினைக்கிறோம். அந்தக் கால்கள் முதலில் பழகியது நமக்கு அடுத்திருக்கும் மண்ணில்தான்.

ஒரு குரு எத்தனை ஊருக்கு நடக்க முடியும்? அன்றைய மதுரைத் தளத்தில் குருக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மறையைக் கற்பித்ததும், செபம் சொல்லிக் கொடுத்ததும், நோயாளிகளைச் சந்தித்ததும், சாகக் கிடந்தவருக்குத் திருமுழுக்குக் கொடுத்ததும் பெரும்பாலும் வேதியர்கள்தாம். உபதேசியார் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அவர்கள். குரு ஆண்டுக்கு ஒருமுறை வருவார், இருமுறை வருவார். வேதியர் ஒவ்வொரு நாளும் அங்கேயே இருப்பார்.

1686 ஜூலையில் மறவர் நாட்டில் அருளானந்தர் பிடிபட்டபோது அவர் தனியாக இல்லை. வேதியர்களும் உடன் பிடிபட்டார்கள். அவர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். நீரில் அமிழ்த்தி அமிழ்த்தி எடுத்தார்கள். வெயிலில் காய்ந்த கரடுமுரடான பாறைமேல் கிடத்தி மிதித்தார்கள். கேட்டதெல்லாம் ஒன்றே: உங்கள் ஆண்டவரை விட்டுவிட்டு நாங்கள் சொல்லும் பெயரைச் சொல்லுங்கள், விட்டுவிடுகிறோம். அவர்கள் சொல்லவில்லை. அருளானந்தரின் பெயரில் இன்று தமிழ்நாடெங்கும் ஆலயங்களும் பள்ளிகளும் இருக்கின்றன. அன்று அதே பாறையில், அதே வெயிலில் கிடந்த வேதியர்களின் பெயர்களை நம்மில் எத்தனை பேர் சொல்ல முடியும்? 

அந்த முறை அவர்கள் சாகவில்லை. இராமநாதபுரத்தை ஆண்ட இரகுநாத கிழவன் சேதுபதி, அருளானந்தரை அழைத்து அவர் போதிப்பது என்ன என்று கேட்டார். கேட்டபின் விடுதலை செய்தார். தம் நாட்டில் இனிப் போதிக்கக் கூடாது என்று மட்டும் கட்டளையிட்டார். சபையார் அருளானந்தரை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். 1688-இல் லிஸ்பன் சேர்ந்தார். பழைய விளையாட்டுத் தோழன் இப்போது அரசன். தன் மகனுக்கு ஆசிரியராக இங்கேயே இருந்துவிடுங்கள் என்று அரசன் கேட்டான். அரண்மனை ஆசிரியர் பதவி! அவர் மறுத்துவிட்டு 1690-இல் கோவாவுக்குத் திரும்பினார்; மீண்டும் மறவர் நாட்டுக்கே வந்தார்.

அங்கே தடியத் தேவர் என்ற பெரியவர் நோயுற்றுக் கிடந்தார். சேதுபதியின் அரியணைக்கே உரிமை கோரத்தக்க குடியில் வந்தவர். அவர் அழைத்தபோது அருளானந்தர் முதலில் அனுப்பியது ஒரு வேதியரைத்தான். வேதியர் போய் நற்செய்தி வாசித்துச் செபித்தார். தேவர் நலம் பெற்றார் என்கிறது மரபு. 1693 ஜனவரி 6, மூன்று இராசாக்கள் திருவிழா அன்று தடியத் தேவர் திருமுழுக்குப் பெற்றார். முதல் மனைவியோடு மட்டும் வாழ வேண்டும் என்பதால் மற்ற மனைவியரை விலக்கினார். அவர்களுள் இளையவர் கடலாயி, சேதுபதியின் உறவுப் பெண். அவர் அழுதுகொண்டு சேதுபதியிடம் முறையிட்டார். அந்தப் பெண்ணை வில்லியாகச் சித்திரிக்கும் வழக்கம் நம் நாடகங்களில் உண்டு. கொஞ்சம் நிறுத்தி யோசிப்போம். தான் செய்யாத குற்றத்துக்காக வீட்டை விட்டுப் போகச் சொல்லப்பட்டவர் அவர். அவர் கண்ணீரும் உண்மையான கண்ணீர்தான். அந்தக் கண்ணீரோடு அரியணைப் பயமும் சேர்ந்துகொண்டது. இரண்டு நாள்களில், ஜனவரி 8 அன்று அருளானந்தர் கைதானார்.

ஓரியூரில் சேதுபதியின் தம்பி பொறுப்பில் அவரை ஒப்படைத்தார்கள். சாவுக்கு முந்தின நாள், பிப்ரவரி 3 அன்று, சிறையிலிருந்து தம் சபையாருக்குக் கடிதம் எழுதினார். மை இல்லை, கரியைக் கொண்டு எழுதினார் என்பார்கள். கடவுளின் சட்டத்தைப் போதித்ததுதான் தம்மேல் சாட்டப்பட்ட குற்றம் என்று அதில் மகிழ்ச்சியோடு தெரிவித்தார். மறுநாள், 1693 பிப்ரவரி 4, திருநீற்றுப் புதன். மனிதனே நீ மண்ணாய் இருக்கிறாய் என்று திருச்சபை நெற்றியில் சாம்பல் பூசும் நாளில், ஓரியூர் மணல் அவர் குருதியை ஏற்றுக்கொண்டது. 1853-இல் அருளாளராகவும், 1947 ஜூன் 22 அன்று புனிதராகவும் உயர்த்தப்பட்டார். இன்று ஓரியூருக்குப் போய்ப் பாருங்கள். எல்லாச் சமயத்தாரும் அந்தச் செம்மண்ணை அள்ளி நெற்றியில் இட்டுக்கொள்கிறார்கள்.

அன்பர்களே, இந்த வரலாற்றைச் சொல்லும்போது ஒரு சோதனை உண்டு. ‘நாம் நல்லவர்கள், நம்மைத் துன்புறுத்தியவர்கள் தீயவர்கள்’ என்று பிரித்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். வரலாறு அப்படி விடாது. யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். 1658-இல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்ததும் கத்தோலிக்கக் குருக்களை விரட்டினார்கள். துன்புறுத்தியவர்கள் வேற்றுச் சமயத்தார் அல்லர். இயேசுவின் பெயரைச் சொன்னவர்களே. ஏறக்குறைய 30 ஆண்டுகள் அந்த மக்கள் குருவே இல்லாமல் நம்பிக்கையைக் காத்தார்கள். தகப்பன் மகனுக்கும், பாட்டி பேத்திக்கும் செபம் சொல்லிக் கொடுத்துக் காத்தார்கள். 1687-இல் கோவாவிலிருந்து புனித யோசேப் வாஸ் கூலியாள் கோலத்தில் அங்கே வந்து சேர்ந்தார். 1689 கிறிஸ்து பிறப்பு இரவில் கூடியிருந்த கத்தோலிக்கரை டச்சுப் படை வளைத்துப் பிடித்தது. பின்னர் யோசேப் வாஸுக்குப் பணி செய்ய இடம் கொடுத்தவர் யார்? கண்டியின் பௌத்த அரசர். முதலில் ஒற்றன் என்று சிறை வைத்தார். அவர் வாழ்க்கையைப் பார்த்தபின் உரிமை தந்தார். மறுபக்கம், கோவாவில் 1560-இல் தொடங்கிய சமய விசாரணை மன்றம் எத்தனை பேரை வதைத்தது என்பதையும் நாம் மறைக்கக் கூடாது. எந்தச் சமயத்தின் கையில் அதிகாரம் ஏறினாலும் அந்தக் கை ஆசிரியரின் வாயைப் பொத்தப் பார்க்கும். எந்தச் சமயத்திலும் ஓர் எபேது மெலேக்கு எழும்பலாம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்வதா வேண்டாமா என்று பல நாள் தயங்கினேன்.

நம் ஜவ்வாது மலையில் ஒரு சிற்றூர். அங்கே வேதியராக இருந்தவர் ஒரு பெரியவர். இன்று அவர் இல்லை. சாமை விதைப்பார், பலா விற்பார், சனிக்கிழமை மாலையில் பிள்ளைகளைத் திண்ணையில் கூட்டி மந்திரம் சொல்லிக் கொடுப்பார். 2015 ஏப்ரல் 7 உங்களுக்கு நினைவிருக்கும். ஆந்திராவில் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பலர் நம் மாவட்டத்தார். அந்த வாரம் நம் மலையடிவாரத்தில் எழுந்த ஒப்பாரியைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகும் முன்பணத்தை நீட்டிக்கொண்டு ஆள் பிடிக்கிறவர்கள் மலைக்கு வந்தார்கள். பெரியவர் வீடு வீடாகப் போனார். கிறிஸ்தவர் வீடு, மற்றவர் வீடு என்று பார்க்கவில்லை. “அந்தக் காசை வாங்காதே, அது உன் பாடை விலை” என்று இளைஞர்களிடம் சொன்னார். ஓர் இரவு இரண்டு பேர் அவர் வாசலில் வந்து நின்றுவிட்டுப் பேசாமல் போனார்கள். அடுத்த வாரம் அவருடைய வைக்கோற்போர் எரிந்தது.

அவர் பேருந்தேறிக் கீழே வந்து என்னைப் பார்த்தார். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். “கொஞ்ச நாளைக்குச் சும்மா இருங்க. பிள்ளைகளுக்கு மறைக்கல்வி மட்டும் சொல்லிக் கொடுங்க. இதெல்லாம் நமக்கு எதுக்கு?” என்றேன். அன்போடுதான் சொன்னேன். அவர் கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “சாமி, கொலை செய்யாதேன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். சாகப் போறவன்கிட்ட போகாதேன்னு சொல்லக் கூடாதுங்களா?” என்றார். பிறகு கடைசிப் பேருந்தைப் பிடித்து மலை ஏறிவிட்டார்.

நான் உடனே போகவில்லை. ஆளோடு ஆளாகப் பத்து நாள் கழித்துத்தான் போனேன். போனபோது அவர் வாசலில் புது வைக்கோற்போர் நின்றது. ஊரார் வீட்டுக்கு ஒரு கட்டு கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அந்த ஊரில் கிறிஸ்தவக் குடும்பங்கள் மிகச் சிலவே. கட்டு கொடுத்தவர்களில் பெரும்பாலோர் நம் கோவிலுக்குள் காலடி வைத்திராதவர்கள். தானியேல் சொன்ன சிறிதளவு உதவி அங்கே வந்திருந்தது. அதை அனுப்பியது பங்கு அல்ல. அதன் பங்குக் குருவான நான், எலயாசரின் நண்பர்கள் சொன்ன யோசனையைத்தான் சொல்லி அனுப்பியிருந்தேன். விவிலியத்தில் அந்தப் பகுதியை எத்தனையோ முறை விளக்கியவன், அதற்குள் நான் எந்த இடத்தில் நிற்கிறேன் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

அவர் பேச்சைக் கேட்டு எத்தனை பேர் போகாமல் நின்றார்கள் என்பது எனக்குத் தெரியாது. இரண்டு பேரை எனக்குத் தெரியும். ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். மற்றவர் மலையிலேயே இருக்கிறார். அவருக்கு இரண்டு பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளுக்கு இது எதுவும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. பலரை நேர்மைக்குத் திருப்பியவர் விண்மீனாய் ஒளிர்வார் என்று தானியேல் சொல்வதை நான் இப்போது இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். மலையில் இரவில் வானம் எவ்வளவு தெளிவாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். விண்மீன் நம்மைப் பார்க்கச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அதன் வெளிச்சத்தில் நடக்கிறவன் அதன் பெயரைக் கேட்பதும் இல்லை.

சகோதர சகோதரிகளே, அந்தச் சிறுவனின் கேள்விக்கு வருவோம். வானதூதர் வாளை ஏன் பிடிக்கவில்லை?

விவிலியம் காரணத்தை முழுமையாகச் சொல்லவில்லை. நானும் சொல்லப் போவதில்லை. ஆனால் மூன்று விஷயங்களைச் சொல்கிறது. ஒன்று: காப்பாற்றப்பட்ட தானியேலும் காப்பாற்றப்படாத எலயாசரும் ஒரே கடவுளின் அன்புக்குரியவர்கள். பிழைத்தவன் புண்ணியவான், இறந்தவன் பாவி என்று எவரையும் நாம் தீர்ப்பிடக் கூடாது. இரண்டு: ஞானிகள் வீழ்வது அவர்கள் புடமிடப்பட்டுத் தூய்மை பெறுவதற்காக என்கிறது தானியேல். புடம் போடுவது ஆசிரியரை மட்டுமல்ல, சுற்றி நிற்கிற நம்மையும்தான். யார் உண்மையில்லாத உள்ளத்தோடு ஒட்டிக்கொண்டோம், யார் கயிறு எடுத்தோம் என்பது அப்போதுதான் தெரிகிறது. மூன்று: வானதூதர் வராத கிணற்றுக்கு எபேது மெலேக்கு வந்தார்.

இந்த மூன்றாவதுதான் நம்மால் ஆகக்கூடியது. நம் பங்கில் ஞாயிறு மறைக்கல்விக்கு இந்த ஆண்டு எத்தனை ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்று தெரியுமா? இருப்பவர்களைப் பற்றி நாம் பேசுவது என்ன? ‘பிள்ளையை அதட்டினார்’, ‘தேர்வு வைத்தார்’, ‘திருப்பலி முடிந்தும் அரை மணி நேரம் பிடித்து வைத்தார்’ என்ற புகார்கள்தான் என்னிடம் வருகின்றன. நன்றி சொல்ல வந்தவர் ஒருவரும் இல்லை. இவர்களை எவரும் பாறைமேல் கிடத்துவதில்லை என்பது உண்மை. கவனிக்காமல் விடுகிறோம், அந்தச் சேற்றிலும் மெல்ல அமிழத்தான் செய்கிறார்கள். மலையிலும் கிளைப்பங்குகளிலும் கற்பிக்கிறவர்கள் நிலை இன்னும் கடினம். குடியை நிறுத்து என்று சொன்னதற்காக, சின்னப் பெண்ணுக்குக் கல்யாணம் வேண்டாம் என்று சொன்னதற்காக ஊரில் முகம் திருப்பப்பட்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் போய், “கொஞ்ச நாள் சும்மா இருங்க” என்று சொல்லாதீர்கள். அதை நான் ஒருமுறை சொன்னது போதும். அவர்கள் வீட்டுக்குப் போங்கள். ஒரு கட்டு வைக்கோல், ஒரு படி அரிசி, அவர்கள் பக்கத்தில் உட்கார அரை மணி நேரம், எது முடியுமோ அதைக் கொண்டுபோங்கள்.

போன ஞாயிறு அந்தச் சிறுவனைத் தேடிப் பிடித்தேன். “தம்பி, அருளானந்தருக்காக வாளை ஏன் பிடிக்கலன்னு எனக்கும் தெரியல. ஆனா எரேமியா கிணத்துக்குள்ள கிடந்தப்ப சம்மனசுக்குப் பதிலா ஒரு மனுஷன் கயிறு எடுத்துட்டு வந்தாரு” என்று கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, “அந்தத் துணி எதுக்கு ஃபாதர்?” என்றான். “கயிறு அக்குள்ல அறுக்கக் கூடாதுன்னு” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தான். “அவரு நல்லவரு ஃபாதர்” என்று சொல்லிவிட்டு விளையாட ஓடிவிட்டான்.

புனித அருளானந்தரே, உம்மோடு பாறையில் கிடந்த பெயர் தெரியாத வேதியர்களே, எங்களுக்காக மன்றாடுங்கள். ஆமென்.